2025 பெப்ரவரி 9 மின்தடை: இந்த வலையமைப்பில் ஓர் அணு உலை இருந்திருந்தால்?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 11.13 மணியளவில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின் நிலையத்தில் மின்மாற்றியொன்றில் குரங்கு பட்டதால் ஏற்பட்ட கோளாறுதான் தொடக்கம் என்று மின்சக்தி அமைச்சர் அன்றே சொன்னார். கொழும்பில் அடுக்குமாடிகளின் லிஃப்ட்களும் தண்ணீர் மோட்டர்களும் நின்றன. மாலைக்குள் பெரும்பாலான இடங்களுக்கு மின் வந்துவிட்டது. ஆனால் நுரைச்சோலையின் மூன்று நிலக்கரி அலகுகளும் உடனே திரும்பவில்லை. 10ஆம், 11ஆம் திகதிகளில் வலய அடிப்படையில் ஒன்றரை மணிநேர மின்வெட்டு நடைமுறைக்கு வந்தது.

அதற்குப் பிறகு "எங்களுக்கும் அணு மின்சாரம் வேண்டும்" என்ற பேச்சு கொழும்பில் அடிக்கடி கேட்கிறது. சூரிய சக்தியை நம்ப முடியாது, நிலக்கரி அழுக்கு, டீசலுக்கு டொலர் இல்லை, ஆகவே அணு என்பதே வாதம். இதில் பாதி சரி. மற்றப் பாதியைச் சோதிக்க அந்த ஞாயிறு நல்ல வாய்ப்பு. அன்று வலையமைப்பில் 300 மெகாவாட் அணு உலை ஒன்று ஓடிக்கொண்டிருந்திருந்தால் முதல் நொடியிலும், முதல் மணியிலும், அடுத்த மூன்று நாட்களிலும் என்ன நடந்திருக்கும்?

முதல் பத்து நொடி

அன்று விடுமுறை நாள், தேவை குறைவு. வெயில் அடித்ததால் தேவையின் பெரும் பங்கைச் சூரிய சக்தி கொடுத்துக்கொண்டிருந்தது. சுழலும் பெரிய இயந்திரங்கள் சிலவே ஓடின. இந்த நிலையைத்தான் மின் பொறியியலாளர்கள் "சடத்துவம் குறைந்த வலையமைப்பு" என்கிறார்கள். தையல் மெஷினில் காலை எடுத்த பிறகும் பெரிய சக்கரம் சற்று நேரம் சுற்றும். டர்பைன்களும் அப்படித்தான், உற்பத்தி திடீரென விழுந்தாலும் சுழற்சியில் சேர்ந்திருக்கும் சக்தி சில நொடிகளுக்குத் தாங்கும். கூரை சோலரின் இன்வேர்ட்டரில் அந்தச் சக்கரம் இல்லை. மேலும், வோல்ற்றளவு சட்டென்று சரிந்தால் பல இன்வேர்ட்டர்கள் தம்மைக் காத்துக்கொள்ள இணைப்பை அறுத்துவிடும். கோளாறில் இழந்த மின்னோடு சோலரில் இழந்த மின்னும் சேர்ந்துவிடும்.

இதை எண்ணில் பார்க்கலாம். கீழே வருவது கணக்கைக் காட்டும் உதாரணம், அன்றைய பதிவு அல்ல. ஓடும் இயந்திரங்களின் மொத்தக் கொள்ளளவு 1,500 எம்.வி.ஏ. (ஏறத்தாழ மெகாவாட் போன்ற அலகு), சடத்துவ மாறிலி, அதாவது சுழற்சியில் சேர்ந்த சக்தி முழுக் கொள்ளளவில் தாங்கும் நேரம், 4 செக்கன் என்றால் சுழற்சியில் இருக்கும் சக்தி 6,000 மெகாஜூல். 300 மெகாவாட் திடீரென இல்லாமற்போனால், வழமையாக 50 ஹேர்ட்ஸில் நிற்க வேண்டிய மீடிறன் (மின்னோட்டம் செக்கனுக்கு ஊசலாடும் தடவைகள்) செக்கனுக்கு 1.25 ஹேர்ட்ஸ் வீதம் விழும். எமது வலையமைப்பில் தானியங்கிச் சுமைக்கழிப்பின், அதாவது சில பகுதிகளுக்கு மின்னைத் தானாக வெட்டும் ஏற்பாட்டின், முதல் படி 48.75 ஹேர்ட்ஸ். 50இலிருந்து அங்கே இறங்க ஒரு செக்கன் போதும். நீர்மின் டர்பைனின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கதவைத் திறந்து நீரை விடுவதற்குப் பல செக்கன்கள் எடுக்கும். அதே இழப்பு, 3,500 எம்.வி.ஏ. ஓடும் மாலை நேரத்தில் வந்தால் வீழ்ச்சி செக்கனுக்கு 0.54 ஹேர்ட்ஸ்தான். தப்பிக்க நேரம் உண்டு.

இங்கே அணு உலைக்கு ஒரு நன்மை, ஒரு தீமை. அதன் டர்பைனும் பிறப்பாக்கியும் கனமானவை. சடத்துவம் கூடும். அன்று அப்படியொன்று சேர்ந்து ஓடியிருந்தால் மீடிறன் மெதுவாக விழுந்திருக்கும். ஆனால் பெரிய ஒற்றை அலகு என்பதே ஆபத்தும்கூட. சர்வதேச அணுசக்தி முகவரகம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் பொது விதி, ஓர் அலகு வலையமைப்பின் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது. எமது மாலை உச்சத் தேவை 2,700 மெகாவாட் அளவில். விடுமுறை நாள் மதியத்தில் சுழலும் இயந்திரங்களின் பங்கு அதில் பாதியையும் எட்டாமல் போகலாம். நுரைச்சோலையின் 300 மெகாவாட் அலகே அந்த நேரத்தில் விதியை மீறுகிறது. பங்களாதேஷ் ரூப்பூரில் கட்டும் 1,200 மெகாவாட் உலையோ, கூடங்குளத்தின் 1,000 மெகாவாட் உலையோ இங்கே பொருந்தவே பொருந்தாது. மின்சார சபையின் நீண்டகாலத் திட்ட ஆய்வுகளில் அடிபட்ட 600 மெகாவாட்டும் இன்றைய வலையமைப்புக்குப் பெரிது.

முதல் மணிநேரம்

நிலக்கரி அலகு மின் இழந்தால் எரிபொருளை நிறுத்தலாம், தீ அணையும். அணு உலையில் கட்டுப்பாட்டுக் கோல்கள் சில செக்கன்களில் இறங்கிச் சங்கிலித் தாக்கம் நின்றுவிடும். ஆனால் பிளவுப் பொருட்களின் கதிரியக்கச் சிதைவு தரும் வெப்பம் நிற்காது.

300 மெகாவாட் மின் தரும் உலையின் வெப்ப ஆற்றல் சுமார் 900 மெகாவாட். நிறுத்திய கணத்தில் எஞ்சும் வெப்பம் அதில் ஏறத்தாழ 6.5 சதவீதம், அதாவது 58 மெகாவாட். ஒரு மணிநேரத்தில் 13 மெகாவாட் அளவுக்கு இறங்கும். ஒரு நாளில் 4.5 மெகாவாட். சிறிய எண்கள் போலத் தெரியலாம். 13 மெகாவாட் வெப்பத்தை நீரைக் கொதிக்கவைத்தே அகற்றுவதென்றால் மணிக்குச் சுமார் 18 தொன் நீர் ஆவியாகும். ஒரு நாள் கழிந்த பிறகும் நாளொன்றுக்கு 150 தொன் வேண்டும். அந்த நீரைத் தள்ளும் பம்புக்கு மின் எங்கிருந்து வரும்?

வழமையான பதில் நான்கு அடுக்குகளாக இருக்கும். வலையமைப்பிலிருந்து ஒன்றையொன்று சாராத குறைந்தது இரண்டு வழிகள், அவை போனால் 10 செக்கனளவில் தொடங்கும் டீசல் பிறப்பாக்கிகள், அவையும் போனால் கட்டுப்பாட்டுக்கு மட்டும் சில மணிநேரம் தாங்கும் பற்றரிகள், புதிய வடிவமைப்புகளில் பம்பே இல்லாமல் புவியீர்ப்பாலும் இயற்கைச் சுற்றோட்டத்தாலும் 72 மணிநேரம் குளிரூட்டும் ஏற்பாடு. 2011 மார்ச் 11 அன்று புக்குஷிமா டாய்ச்சியில் நிலநடுக்கம் முதல் அடுக்கை அறுத்தது. சுனாமி டீசல்களை மூழ்கடித்தது. பற்றரிகளும் தீர்ந்தன. மீதியை உலகம் பார்த்தது.

2025 ஏப்ரல் 28இல் ஸ்பெயினும் போர்த்துக்கலும் இருண்டபோது ஸ்பெயினில் ஓடிக்கொண்டிருந்த அணு உலைகள் தாமாகவே நின்று டீசலுக்கு மாறின. விபத்து எதுவும் இல்லை. அமைப்பு வேலை செய்தது. ஆனால் அங்கே பிரான்சிலிருந்தும் மொரோக்கோவிலிருந்தும் மின் எடுத்து வலையமைப்பை மீட்கத் தொடங்க முடிந்தது. எமக்குப் பக்கத்து வீட்டு வயர் இல்லை.

ஆகவே எமக்கு முக்கியமான எண், உலைக்கு வெளிமின் எத்தனை முறை போகும் என்பதே. அமெரிக்க உலைகளின் அனுபவத்தில் ஓர் உலைக்கு அது சில பத்தாண்டுகளுக்கு ஒரு முறை வரும் நிகழ்வு. இங்கே நாடு முழுவதும் இருண்ட நாட்கள்: 2015 செப்டெம்பர் 27, 2016 பெப்ரவரி 25, 2016 மார்ச் 13, 2020 ஆகஸ்ட் 17, 2021 டிசெம்பர் 3, 2023 டிசெம்பர் 9, 2025 பெப்ரவரி 9. பத்தாண்டுகளுக்குள் ஏழு. எந்த வடிவமைப்பாளரிடம் போனாலும் அவருடைய பாதுகாப்புக் கணக்கின் முதல் வரியிலேயே இந்த எண்ணைப் போட்டாக வேண்டும். உலை மாறாமல் இருக்க, வெளிமின் இழப்பு பத்து மடங்குக்கும் மேல் அடிக்கடி வந்தால், அதிலிருந்து தொடங்கும் விபத்து வழிகளின் நிகழ்தகவும் அதே அளவில் பெருகும். அணு உலையின் ஆபத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் உலையைப் பார்க்கிறார்கள். இலங்கையில் ஆபத்தின் பெரும் பங்கு உலைக்கு வெளியே, உப மின் நிலையங்களில் கோளாறைக் கண்டு வழியைத் துண்டிக்கும் பாதுகாப்பு ரிலேக்களில் இருக்கிறது.

அடுத்த மூன்று நாள்

இருண்ட வலையமைப்பை எழுப்புவது நீர்மின்னிலிருந்து தொடங்கும். விக்டோரியா, கொத்மலை, இலக்சபானத் தொகுதி போன்றவை வெளிமின் இல்லாமலே ஓடத் தொடங்கக்கூடியவை. அங்கிருந்து கொழும்புப் பக்கம் வழியைச் சக்தியூட்டி, சிறு சிறு சுமைகளாகச் சேர்த்து, பிறகு அனல் நிலையங்களுக்குத் துணை மின் கொடுக்க வேண்டும். சுமையை அவசரமாகச் சேர்த்தால் மீடிறன் மறுபடி சரியும். சேர்க்காமல் நீண்ட உயர் வோல்ற்றளவு வழியை மட்டும் சக்தியூட்டினால் வோல்ற்றளவு ஏறும். இதற்குப் பழக்கம் வேண்டும். அணு உலை இருந்தால் அதன் பம்புகளுக்கு வெளிமின் கொடுப்பதே முதல் முன்னுரிமை, வைத்தியசாலைகளுக்கும் முன்னதாக. இந்தக் கேள்வியை இங்கே எவரும் இன்னும் பொதுவெளியில் எழுப்பியதாகத் தெரியவில்லை.

உலை மறுபடி ஓடுவது வேறு விஷயம். ஓடும் உலையில் அயடீன்-135 தொடர்ந்து உருவாகும். அது 6.6 மணிநேர அரைவாழ்வுக் காலத்தோடு செனன்-135 ஆகச் சிதையும். செனன் நியூத்திரனை விழுங்குவதில் பேர்போனது. உலை ஓடும்போது நியூத்திரனே செனனை எரித்துத் தீர்க்கும். நின்றவுடன் எரிப்பதற்கு ஆளில்லை, அயடீனோ தொடர்ந்து செனனைப் பிறப்பித்துக்கொண்டிருக்கும். நின்று 10, 11 மணிநேரத்தில் செனன் உச்சத்தைத் தொடும். எரிபொருள் தேய்ந்த உலையை அதற்குள் தொடங்க முடியாமல் ஒரு நாளுக்கு மேல் காத்திருக்க நேரும். அதன் பிறகு பரிசோதனைகள், ஒழுங்குபடுத்துநரின் அனுமதி. ஆக நுரைச்சோலை போலவே அணு உலையும் மூன்று நாளுக்கு இல்லாமல் போயிருக்கலாம். அந்த 10ஆம் திகதி மின்வெட்டு அப்படியே வந்திருக்கும்.

விதிவிலக்கு உண்டு. 2003 ஆகஸ்ட் 14இல் வட அமெரிக்காவின் வடகிழக்கு இருண்டபோது, ஒன்டாரியோவின் புரூஸ் பி நிலையத்தில் மூன்று உலைகளும் டார்லிங்டனில் ஒன்றும் நீராவியைத் திசைதிருப்பித் தங்கள் சொந்தத் தேவைக்கு மட்டும் ஓடி, சில மணிநேரத்தில் வலையமைப்புக்குத் திரும்பின. நின்றுபோன மற்றவை நாட்கணக்கில் எடுத்தன. இலங்கை என்றாவது உலை வாங்கினால் இந்தத் திறன் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். விலைப் பேச்சில் முதலில் வெட்டுப்படுவது இத்தகைய வரிகள்தான்.

நிலக்கரியோடு வைத்துப் பார்த்தால்

இதுவரை சொன்னதை வைத்து அணுவை ஒதுக்கினால் அது அநியாயம். உலகளவில் ஒரு டெராவாட்மணி மின்சாரத்துக்கு விபத்தாலும் காற்று மாசாலும் ஏற்படும் உயிரிழப்பு, பரவலாகப் பயன்படும் மதிப்பீட்டின்படி நிலக்கரிக்கு 24.6, எண்ணெய்க்கு 18.4, எரிவாயுவுக்கு 2.8, நீர்மின்னுக்கு 1.3, காற்றுக்கு 0.04, அணுவுக்கு 0.03, சூரிய சக்திக்கு 0.02. செர்னோபிலும் புக்குஷிமாவும் இதில் அடக்கம். ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவின் (IPCC) 2014 அறிக்கையில் ஆயுட்கால உமிழ்வின் இடைநிலை மதிப்பு கிலோவாட்மணிக்கு நிலக்கரி 820 கிராம், எரிவாயு 490, கூரை சோலர் 41, நீர்மின் 24, அணு 12, கரைக் காற்று 11. நுரைச்சோலைச் சாம்பலும் நிலக்கரித் தூசும் காற்றுக் காலத்தில் வீட்டு முற்றத்துக்கு வருவதைப் பற்றி அங்குள்ள மக்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். அணுவுக்குப் பயந்து நிலக்கரியில் நீடிப்பதை எந்தக் கணக்காலும் நியாயப்படுத்த முடியாது.

எரிபொருள் விஷயத்தில் அணுவின் பலம் இன்னும் தெளிவு. நுரைச்சோலை ஆண்டுக்கு ஏறத்தாழ 22.5 இலட்சம் தொன் நிலக்கரி எரிக்கிறது. ஓர் அலகுக்கு நாளொன்றுக்குச் சுமார் 2,500 தொன். ஆழ்துறைமுகம் இல்லாததால் கப்பல் கடலில் நங்கூரமிட்டு, பார்ஜ்களில் கரைக்கு இறக்க வேண்டும். தென்மேற்குப் பருவக் காற்றுக் காலத்தில் அது முடியாது. ஆகவே பருவக் காற்று முடியும்வரை எரிக்க வேண்டிய நிலக்கரி ஏப்ரலளவில் முற்றத்தில் குவிந்திருக்க வேண்டும், ஆண்டு முழுவதுக்குமான நிலக்கரிக்கான டொலரும் கடல் அமைதியாக இருக்கும் ஆறேழு மாதத்துக்குள் கிடைத்தாக வேண்டும். அதே 300 மெகாவாட்டுக்கு அணு உலை ஆண்டுக்கு 7, 8 தொன் எரிபொருள் கேட்கும். ஒரு முறை நிரப்பினால் 18 முதல் 24 மாதம். 2022 மார்ச் இறுதியில் டொலர் இல்லாமல் 13 மணிநேர மின்வெட்டை அனுபவித்த நாட்டுக்கு இது சாதாரண நன்மை அல்ல. அந்த மாதத்தில் ஓர் உலை ஓடியிருந்தால் அதன் எரிபொருளுக்காக எவரிடமும் கையேந்த வேண்டியிருக்காது.

கடன் கணக்கு இதற்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. நுரைச்சோலை 900 மெகாவாட்டுக்கும் இரு கட்டங்களிலும் செலவு 455 மில்லியனும் 891 மில்லியனும், அதாவது கிலோவாட்டுக்குச் சுமார் 1,500 டொலர். புதிய அணு உலைக்குக் கிலோவாட்டுக்கு 6,000 முதல் 10,000 டொலர் வைப்பது யதார்த்தம். அமெரிக்காவில் இடாஹோவில் கட்டவிருந்த சிறு உலைத் திட்டத்தின் இலக்கு விலை மெகாவாட்மணிக்கு 58 டொலரிலிருந்து 89க்கு ஏறி, 2023 நவம்பரில் திட்டமே கைவிடப்பட்டது. 8,000 டொலர் என்று வைத்தால் 300 மெகாவாட்டுக்கு 2.4 பில்லியன். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் நான்காண்டுகளுக்கு ஒப்புக்கொண்ட முழு உதவியே 3 பில்லியன் அளவு. 90 சதவீத நேரம் ஓடினால் ஆண்டு உற்பத்தி சுமார் 2,365 கிகாவாட்மணி. 7 சதவீத வட்டியில் வட்டிக்கு மட்டும் யூனிட்டுக்கு 7.1 அமெரிக்க சதம் போகும். 3 சதவீதத்தில் கிடைத்தால் 3 சதம். அணு மின்சாரத்தின் விலையைத் தீர்மானிப்பது யுரேனியம் அல்ல, கடன் தரம். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனை நிறுத்திய நாட்டுக்கு எந்த வட்டி கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மன்னாரில் 50 மெகாவாட் காற்றாலைக்கு ஏலத்தில் வந்த விலை யூனிட்டுக்கு 4.65 சதம். காற்று நின்றால் மின் நிற்கும் என்பது உண்மை, ஆனால் மீதிப் பணத்தில் சேமிப்பு வாங்கலாம்.

இடமும் கடலும்

சம்பூர், திருகோணமலை என்று பெயர்கள் சொல்லப்படுகின்றன. கிழக்குக் கரை சுமாத்திரா நிலநடுக்க வலயத்தைப் பார்த்து நிற்கிறது. 2004 டிசெம்பர் 26 சுனாமி தமிழ்நாட்டின் கல்பாக்கம் அணு நிலையத்தில் பம்ப் அறைக்குள் கடல்நீரைக் கொண்டுவந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டு, ஒரு வாரமளவில் மறுபடி இயங்கியது. முக்கிய உலைக் கட்டடம் உயரத்தில் இருந்ததே காப்பாற்றியது. மேற்குக் கரையில் சுனாமி ஆபத்து குறைவு, ஆனால் மக்கள் நெருக்கம்.

அவசரத் திட்டமிடல் வலயம் 5 முதல் 30 கிலோமீற்றர் வரை போகலாம். 30 கிலோமீற்றர் வட்டத்தில் பாதி கடல் என்றே வைத்தாலும் நிலம் 1,400 சதுர கிலோமீற்றர். நாட்டின் சராசரி அடர்த்தியான 340 பேரை வைத்தால் நாலே முக்கால் இலட்சம் பேர். இவர்களுக்குச் சிங்களத்திலும் தமிழிலும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை போக வேண்டும், அயடீன் மாத்திரை வீட்டில் இருக்க வேண்டும், பஸ் எங்கே நிற்கும் என்று தெரிய வேண்டும். டித்வா போன்ற புயல் நேரங்களில் தமிழில் அறிவித்தல் பிந்தி வந்த அனுபவம் உள்ள மக்கள் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள், விடவும் கூடாது.

அணு ஆபத்து ஏற்கெனவே எமக்கு அயலில் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். கூடங்குளம் கற்பிட்டியிலிருந்து கடலைக் கடந்து சுமார் 225 கிலோமீற்றர், கொழும்பிலிருந்து 270. உலை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கதிரியக்கக் கண்காணிப்பு வலையமைப்பும் பயிற்சி பெற்ற ஆட்களும் இந்த நாட்டுக்கு வேண்டும்.

எது முதலில்

2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம் இரண்டு நிறுவனங்களை உருவாக்கியது. ஊக்குவிக்கும் வேலை இலங்கை அணுசக்தி சபைக்கு, கட்டுப்படுத்தும் வேலை ஒழுங்குபடுத்தல் பேரவைக்கு. இந்தப் பிரிப்பு சரியானது. 2022 ஏப்ரலில் சர்வதேச முகவரகத்தின் குழு வந்து 19 உட்கட்டமைப்பு விடயங்களை வைத்து முதற்கட்ட மீளாய்வு செய்தது. அந்தப் பத்தொன்பதில் மின் வலையமைப்பும் ஒன்று. எமது பார்வையில் அதுவே வரிசையில் முதலாவது. அதை ஒழுங்காக்காமல் உலைக்குக் கேள்விப்பத்திரம் கோருவது தவறு.

வலையமைப்பை ஒழுங்காக்கும் வேலைகள் அணு வந்தாலும் வராவிட்டாலும் வீண்போகாதவை. உப மின் நிலையங்களில் திறந்த 33 கிலோவோல்ற் பஸ்பார்களுக்கும் (மின்னைப் பகிரும் உலோகச் சட்டங்கள்) மின்மாற்றி முனைகளுக்கும் விலங்குத் தடுப்பு உறை. கோளாறை 100 மில்லிசெக்கனுக்குள் தனிமைப்படுத்தும் பாதுகாப்பும், அது ஒழுங்காக அமைக்கப்பட்டிருக்கிறதா என்ற ஆண்டுச் சோதனையும். வோல்ற்றளவு சரிந்தாலும் சில நூறு மில்லிசெக்கன் தாக்குப்பிடிக்கும்படி கூரை இன்வேர்ட்டர்களின் அமைப்பை மாற்றுவது. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கூரை சோலரைப் பகலில் அணைத்துவைக்கும்படி வீட்டுக்காரர்களைக் கேட்க நேர்ந்தது. தொலைவிலிருந்து குறைக்கும் வசதி இருந்தால் கெஞ்ச வேண்டியதில்லை. எரிபொருள் இல்லாமல் சுழன்று சடத்துவம் மட்டும் தரும் சின்க்ரோனஸ் கொண்டென்சர்கள், பற்றரித் தொகுதிகள், மஹா ஓயாவில் திட்டமிடப்பட்டிருக்கும் 600 மெகாவாட் நீரேற்று நிலையம், 2025 ஏப்ரலில் உடன்படிக்கை கையெழுத்தான இந்திய இணைப்பு ஆகியவை அடுத்த வரிசை. இந்திய இணைப்பு வந்தால் 300 மெகாவாட் அலகொன்றின் இழப்பைத் தாங்குவது இலகுவாகலாம்.

உலை வகையைப் பொறுத்தவரை, வேறொரு நாட்டில் வணிக ரீதியில் சில ஆண்டுகள் ஓடிய வடிவமைப்பைத்தான் பார்க்க வேண்டும். ரஷ்யாவின் பெவெக் துறைமுகத்தில் 2020 மே முதல் தலா 35 மெகாவாட் கொண்ட இரண்டு மிதக்கும் உலைகள் இயங்குகின்றன. சீனாவின் ஹைனானில் 125 மெகாவாட் லிங்லொங் ஒன் 2021இல் கட்டத் தொடங்கியது. இந்தியாவின் 220 மெகாவாட் கனநீர் உலைகள் பல பத்தாண்டுகளாக ஓடுகின்றன, எமது வலையமைப்புக்கு அளவில் மிகக் கிட்டியவை அவையே. ஐக்கிய அரபு அமீரகத்தின் பராக்காவில் கொங்கிறீற் போட்டதிலிருந்து முதல் உலை வணிக உற்பத்திக்கு வர 2012 ஜூலை முதல் 2021 ஏப்ரல் வரை எடுத்தது. அங்கே பணத் தட்டுப்பாடு இல்லை. இங்கே இன்று தீர்மானித்தாலும் 2040ஐ ஒட்டியே மின் வரும், 2030க்குள் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின் என்ற இலக்குக்கு அது உதவாது.

பாவித்த எரிபொருளை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே தீர்க்க வேண்டும். 300 மெகாவாட் உலை 60 ஆண்டு ஓடினால் 450 தொன் அளவில் சேரும். முதல் சில ஆண்டுகள் நீர்த்தொட்டியில், பிறகு உலர் கொள்கலனில். பின்லாந்தின் ஒன்கலோ போல 400 மீற்றருக்கும் ஆழமான பாறைக் கிடங்கை ஒரேயொரு உலைக்காகத் தோண்டுவது இந்த நாட்டுக்குக் கட்டுப்படியாகாது. ரூப்பூருக்காக பங்களாதேஷ் 2017 ஆகஸ்டில் ரஷ்யாவோடு தனி உடன்படிக்கை செய்து, பாவித்த எரிபொருளை ரஷ்யாவே திருப்பி எடுக்கும் என்று எழுதிவாங்கியது. அப்படியொரு கையெழுத்து கிடைக்காத விற்பனையாளரோடு விலை பேசவே தேவையில்லை.